டெலிகிராம், டொரண்ட்: பிள்ளைகள் எப்போதோ நுழைந்துவிட்டார்கள், நாம் எப்போது?

சென்ற மாதம் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எனது மாணவன் ஒருவனின் வாப்பா என்னை மறித்தார்.

"சேர், மகன் ராவு ராவா போனோட கிடக்கான். என்னடா செய்றாய் எண்டு கேட்டா, டெலிகிராம்ல நோட்ஸ் எடுக்கிறன் எண்டு சொல்றான். டெலிகிராம் எண்டா படம் பாக்குற இடம்தானே சேர்? பொய் சொல்றானா?"

பிள்ளை சொன்னதும் உண்மை, வாப்பா சொன்னதும் உண்மை. அதே செயலியில்தான் உயர்தர இரசாயனவியல் குறிப்பும் கிடைக்கிறது. நேற்று திரைக்கு வந்த படமும் கிடைக்கிறது. நான் அவரிடம் அரை மணித்தியாலம் நின்று விளக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், இதே கேள்வியோடு கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நிந்தவூரிலும் எத்தனை பெற்றோர் இருப்பார்கள் என்று யோசித்தேன். பெற்றோர் மட்டுமல்ல, என்னோடு ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேரும் இதே நிலைதான். ஆகவே அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். கணினிப் பரிச்சயம் இல்லாதவர்களுக்காகவே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்தருள்க.

இது ஒன்றும் புதிய விடயமல்ல. 1988ஆம் ஆண்டு பின்லாந்தில் ஊலு பல்கலைக்கழகத்தில் இருந்த யார்க்கோ ஓய்காரினன் என்ற இளைஞர், பலர் ஒரே நேரத்தில் எழுத்தில் கதைத்துக்கொள்ளும் ஒரு முறையை உருவாக்கினார். ஐஆர்சி என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு அறை. அந்த அறைக்கு அங்கேயும் 'செனல்' என்றுதான் பெயர். அதைச் சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்து உலகெங்கும் பரப்பிய எம்ஐஆர்சி என்ற மென்பொருளை 1995இல் வெளியிட்டவர் காலித் மர்தம் பே. அவரது தந்தை சிரியர், தாய் பலஸ்தீனர். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து நெட் கஃபேயில் உட்கார்ந்து நாங்கள் அதில் அரட்டை அடித்திருக்கிறோம். எங்கள் வாப்பாமாருக்கும் அது என்னவென்று தெரியாது. ஆக இன்றைய பிள்ளைகளைக் குறை சொல்லும் தகுதி எனக்குப் பெரிதாக இல்லை.

செனல் வேறு, குரூப் வேறு

குரூப் என்பது கடைத்தெருச் சந்தி மாதிரி. எல்லோரும் பேசலாம், எல்லோரும் அனுப்பலாம். செனல் என்பது பள்ளிவாசல் ஒலிபெருக்கி மாதிரி. நிர்வாகி மட்டும் அறிவிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். டெலிகிராம் 2013இல் வந்தது. செனல் வசதியை 2015இல் சேர்த்தது. வட்ஸ்அப் அதே போன்ற செனலை 2023இல்தான் கொண்டுவந்தது.

பிள்ளைகள் படிப்புக்கு ஏன் டெலிகிராமைத் தேடிப் போகிறார்கள்? காரணம் எளிது. வட்ஸ்அப் குரூப்பில் இன்று சேரும் பிள்ளைக்கு நேற்று அனுப்பிய பாடக் குறிப்பு பொதுவாகத் தெரியாது. டெலிகிராம் செனலில் முதல் நாளிலிருந்து போட்டது எல்லாம் அப்படியே இருக்கும். எப்போது சேர்ந்தாலும் மேலே தள்ளிப் பார்க்கலாம், தேடி எடுக்கலாம். ஒரு கோப்பு 2 ஜிபி வரை இருக்கலாம். போன் உடைந்தாலும் கோப்புகள் போகாது, ஏனெனில் அவை போனில் அல்ல, டெலிகிராம் நிறுவனத்தின் சேர்வரில் இருக்கின்றன.

இந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். நிறுவனத்தின் சேர்வரில் இருக்கிறது என்றால், முழுக்க முழுக்க இரகசியமானதல்ல என்றும் அர்த்தம். வட்ஸ்அப்பில் இருவர் அனுப்பிக்கொள்ளும் செய்தி அந்த இருவரின் போனில் மட்டுமே திறக்கக்கூடியவாறு பூட்டப்பட்டுச் செல்கிறது. டெலிகிராமில் 'சீக்ரெட் சட்' என்று தனியாகத் தெரிவு செய்தால் மட்டுமே அந்தப் பூட்டு. சாதாரண சட்டிலோ குரூப்பிலோ செனலிலோ அது கிடையாது. பாடக் குறிப்புக்கு இது பிரச்சினையில்லை. குடும்பப் படங்களுக்குப் பிரச்சினை.

இன்னொரு விடயத்தை நமது பாடசாலைகள் கொஞ்சம் கூட யோசிக்கவில்லை என்பது எனது வருத்தம். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவசரம் அவசரமாக வகுப்புக்கு ஒரு வட்ஸ்அப் குரூப் திறந்தோம். அதில் உள்ள ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கமும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளின் இலக்கம், அவர்களுடைய உம்மாமாரின் இலக்கம், எல்லாமே நாற்பது வீடுகளுக்குப் போயின. அங்கிருந்து எங்கே போயின என்று யாருக்குத் தெரியும்? அகால நேரத்தில் அழைப்பு வருகிறது என்று அழுத மாணவியின் உம்மாவுக்கு எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியவில்லை. செனலில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே சேர்ந்திருக்கும் பிள்ளை மற்றப் பிள்ளைக்குத் தெரியாது, இலக்கமும் தெரியாது. அறிவித்தலும் பாடமும் அனுப்புவதற்கு குரூப்பை விடச் செனலே பொருத்தம் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் இதுதான்.

தொடங்குவது கடினமில்லை. செயலியை பிளே ஸ்டோர் அல்லது அப் ஸ்டோரிலிருந்து மட்டும் எடுங்கள். யாராவது அனுப்பிய ஏபிகே கோப்பிலிருந்து ஒருபோதும் வேண்டாம். உங்கள் இலக்கத்தைக் கொடுத்ததும் ஒரு குறியீட்டு எண் வரும். அந்த எண்ணை உங்கள் சொந்தத் தம்பி கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஏனென்றால் கேட்பது தம்பியாக இருக்காது. தம்பியின் கணக்கைத் திருடியவராக இருக்கும். பிறகு செட்டிங்ஸில் பிரைவசி என்ற பகுதிக்குப் போய், உங்கள் தொலைபேசி இலக்கத்தை யாரும் பார்க்க முடியாதவாறு மாற்றுங்கள். உங்களைக் குரூப்பில் சேர்க்க உங்களுக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். இதைச் செய்யாததால்தான் 'முதலீடு செய்தால் இரட்டிப்பு' என்று சொல்லும் குரூப்புகளில் நம்மவர்கள் தாமாகவே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பு என்ற கடவுச்சொல்லையும் வைத்துவிடுங்கள்.

தானாகத் தரவிறங்கும் வசதியை நிறுத்துவதும் முக்கியம். இல்லாவிட்டால் செனலில் யார் எதைப் போட்டாலும் உங்கள் போன் இறக்கிக்கொண்டே இருக்கும், மாத டேட்டா பத்து நாளில் முடியும்.

பிள்ளையின் போனில் எந்தச் செனல் இருக்கிறது என்று பார்ப்பது பெற்றோரின் உரிமை. ஆனால் சண்டைக்குப் போவது போலப் பார்க்காதீர்கள். "எனக்கும் ஒரு செனல் காட்டித் தா மகன்" என்று பக்கத்தில் உட்காருங்கள். சில செனல்கள் மிகவும் நல்லவை: ஆசிரியர்களே நடத்துபவை, கடந்தகால வினாத்தாள்களை ஆண்டு வாரியாக அடுக்கி வைத்திருப்பவை. சில செனல்கள் 'நிச்சயம் வரும் வினாக்கள்' என்று காசு கேட்பவை. 2024இல் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் சில வினாக்கள் முன்கூட்டியே வெளியாகி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், இறுதியில் 3 வினாக்களுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் புள்ளி வழங்க வேண்டி வந்தது நினைவிருக்கும். காசு கொடுத்து வாங்கியவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒரே புள்ளி. அலைந்தது எல்லாப் பிள்ளைகளும்தான்.

டொரண்ட்: ஒரு வகுப்பறை விளையாட்டு

அடுத்தது டொரண்ட். இந்தச் சொல்லைக் கேட்டதும் களவு என்றே பலர் நினைக்கிறார்கள். டொரண்ட் என்பது ஒரு வீதி. வீதியில் அம்புலன்சும் போகும், கள்ளச் சாமான் லொறியும் போகும். பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் 2001இல் இதை வெளியிட்டபோது, பெரிய கோப்பு ஒன்றை ஒரே இடத்திலிருந்து ஆயிரம் பேர் இழுத்தால் அந்த இடம் திணறிப்போகிறதே, அதற்கு என்ன வழி என்பதே அவரது கேள்வி.

தரம் 10 வகுப்பில் இதை விளக்க நான் ஒரு விளையாட்டு நடத்தினேன். 24 பிள்ளைகள். 24 துண்டுக் கடதாசி. ஒவ்வொரு துண்டிலும் ஐந்து எண்கள். எல்லோரும் 24 துண்டுகளையும் தமது கொப்பியில் எழுதி முடிக்க வேண்டும். முதலில் என்னிடம் வரிசையில் வந்து ஒவ்வொருவராக எழுதச் சொன்னேன். ஒரு பாடவேளை முடிந்தும் ஆறு பேருக்கு மேல் போகவில்லை. வழமையான தரவிறக்கம் இப்படித்தான்: ஒரு சேர்வர், நீண்ட வரிசை.

அடுத்த நாள் ஆளுக்கொரு துண்டைக் கொடுத்துவிட்டு நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். "உங்களிடம் இருப்பதைக் கொடுங்கள், இல்லாததை வாங்குங்கள்" என்றேன். வகுப்பு சந்தைக்கடை போல இரைந்தது, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் கால் மணித்தியாலத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஏறக்குறைய என்கிறேன், ஏனென்றால் 17ஆம் துண்டை வைத்திருந்த மகான் யாருக்கும் கொடுக்காமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். எல்லோரும் 23இல் நின்றார்கள். டொரண்டில் தரவிறக்கம் 95 சதவீதத்தில் வந்து நாட்கணக்கில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் கடைசித் துண்டை வைத்திருப்பவர் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார், அவ்வளவுதான்.

முழுக் கோப்பையும் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பவரை சீடர் என்பார்கள், விதைப்பவர் என்று பொருள். இன்னும் முழுமையாகக் கிடைக்காதவர் பியர். வாங்கிக்கொண்டு கொடுக்காமல் ஓடுபவருக்கு லீச், அதாவது அட்டை என்று பெயர். வயலுக்குள் இறங்கிய எமது ஊரவர்களுக்கு அட்டையை விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது நாள்தான் நான் உண்மையில் சொல்ல நினைத்த பாடம். ஒரு மாணவனிடம் இரகசியமாகச் சொல்லி, அவனது துண்டில் ஒரு எண்ணை மாற்றி எழுத வைத்தேன். விளையாட்டு முடிந்து கொப்பிகளைப் பார்த்தால், எட்டுப் பேரின் கொப்பியில் அந்தப் பிழையான எண் இருந்தது. அதில் ஏழு பேர் அவனிடம் வாங்கவே இல்லை. அவனிடம் வாங்கியவரிடம் வாங்கியவர்கள். யாருடைய மனதிலும் கெட்ட எண்ணம் இல்லை.

பிறகு ஒவ்வொரு துண்டிலும் உள்ள ஐந்து எண்களின் கூட்டுத்தொகையைக் கரும்பலகையில் எழுதி, மீண்டும் நடத்தினேன். மாற்றிய துண்டை வாங்கிய முதல் பிள்ளையே கூட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இது சரியில்ல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிழை ஒரு அடி கூட நகரவில்லை.

டொரண்ட் கோப்பு என்பது அந்தக் கரும்பலகைதான். அதற்குள் புத்தகமோ மென்பொருளோ கிடையாது. எத்தனை துண்டு, ஒவ்வொரு துண்டின் அடையாள எண் என்ன என்ற பட்டியல் மட்டுமே. அந்த அடையாள எண்ணை ஹாஷ் என்பார்கள். நான் செய்தது வெறும் கூட்டல், அதை ஏமாற்றலாம். டொரண்ட் பயன்படுத்தும் கணக்கு மிகச் சிக்கலானது, ஒரு எழுத்து மாறினாலும் முழு எண்ணும் மாறிவிடும். உங்கள் கணினி யாரென்றே தெரியாத ஒருவரிடம், ஒரு பிரேசில்காரரிடமோ மலேசியக்காரரிடமோ, துண்டை வாங்குகிறது. வாங்கியதும் சோதிக்கிறது. சரியில்லையென்றால் வீசிவிட்டு வேறொருவரிடம் கேட்கிறது. ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை ஒவ்வொருவராகப் பரிசோதித்த இமாம்களின் வழிவந்த சமூகத்துக்கு இது புதிதாகத் தெரியக் கூடாது. ஒரு வித்தியாசம் உண்டு: இமாம்கள் ஆளையும் பார்த்தார்கள், செய்தியையும் பார்த்தார்கள். டொரண்ட் ஆளைப் பார்ப்பதே இல்லை, பொருளை மட்டும் பார்க்கிறது.

நமது வட்ஸ்அப்பில் இரண்டையும் யாரும் பார்ப்பதில்லை.

2018 பெப்ரவரி 26 இரவை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் ஹோட்டலில் சாப்பிட வந்தவர்கள், கறியில் கிடந்த ஒரு கட்டியைக் காட்டி, இது மலட்டுத்தன்மை மருந்து என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத ஹோட்டல்காரர் பயத்தில் தலையாட்டினார். அந்தக் காணொளி போனிலிருந்து போனுக்குப் போனது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அப்படியொரு மருந்தே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அந்தக் கட்டி வெறும் மாப்பொருள் என்று அரச பகுப்பாய்வாளரின் அறிக்கையும் வந்தது. வந்து என்ன? அதற்குள் திகன எரிந்துவிட்டது. மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் வைபரையும் முடக்கியது. தமது தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல்தான் மன்னிப்புக் கேட்டது.

பிறர் பரப்பிய பொய்யால் நாம் பாதிக்கப்பட்டோம் என்பது உண்மை. அந்த வாரத்தில் எங்கள் பக்கத்தில் என்ன நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த ஊருக்கு வருகிறார்கள், இந்தச் சந்தியில் நிற்கிறார்கள், இன்ன பள்ளிவாசல் எரிகிறது என்று எத்தனை குரல் பதிவுகள் வந்தன! நானும் ஒன்றை அனுப்பினேன். எனது மச்சான் அனுப்பியது, அவர் பொய் சொல்லமாட்டார் என்று நம்பினேன். அவர் பொய் சொல்லவில்லைதான். அவருக்கு யாரோ அனுப்பியிருந்தார்கள். சம்பவம் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஊரில் இருந்த எனது தாத்தா வீட்டுக்கு அழைத்துக் கேட்டபோது, "இஞ்ச ஒண்டும் இல்ல, நாங்க தேத்தண்ணி குடிச்சிட்டு இரிக்கம்" என்றார். அதற்கிடையில் எனது செய்தி எத்தனை வீட்டில் பிள்ளைகளை அழ வைத்ததோ. ஒரு செய்தி கொண்டுவரப்பட்டால் தீர விசாரிக்கும்படி சூரா அல்-ஹுஜுராத் கட்டளையிடுவதை நான் எத்தனையோ தடவை வகுப்பில் கற்பித்திருக்கிறேன். அந்த இரவு அது நினைவுக்கு வரவில்லை. எட்டுக் கொப்பிகளில் பிழை பரவிய விளையாட்டை நான் கண்டுபிடித்ததற்கு அந்த இரவுதான் காரணம்.

செய்திக்கு ஹாஷ் எண் கிடையாது. ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பு இருக்கிறது. சம்பவ இடத்தில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துக் கேட்க முடியாவிட்டால், அது உங்கள் போனிலேயே நிற்கட்டும்.

எதை இறக்கலாம்

டொரண்ட் பாவிக்கக் கணினிதான் நல்லது. போனில் செய்தால் டேட்டாவும் பற்றரியும் கரைந்துவிடும். கியூபிட்டொரண்ட் என்ற மென்பொருள் இலவசம், விளம்பரம் இல்லாதது, அதன் சொந்த இணையத்தளத்திலிருந்தே எடுக்கலாம். அதில் நேர அட்டவணை வசதி உண்டு. உங்கள் இணைய பெக்கேஜில் நள்ளிரவுக்குப் பின் தனியாக இரவு டேட்டா இருந்தால், வேகத்தையும் நேரத்தையும் அதற்கேற்ப வைத்துவிட்டுத் தூங்கலாம். பெரும்பாலும் அந்த டேட்டா யாரும் பாவிக்காமலேதான் காலாவதியாகிறது. தரவேற்ற வேகத்துக்கும் ஒரு எல்லை வையுங்கள். இறக்கும்போதே நீங்கள் கொடுக்கவும் செய்கிறீர்கள் என்பதால் இரண்டு பக்கமும் டேட்டா கழியும்.

பாடநூலுக்கு டொரண்ட் தேவையில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் பிடிஎஃப் ஆக இலவசமாக இருக்கின்றன. ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உள்ளன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளமும் இருக்கிறது. இவற்றைச் செனலில் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள், அதை வாங்குபவர்களும் இருக்கிறார்கள் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

டொரண்டில் எடுக்க வேண்டியவை வேறு. பாடசாலைக் கணினி அறையில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணினிகளுக்கு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் டொரண்டில் சட்டப்படி கிடைக்கின்றன. லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளும் அப்படியே. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற பெரும் இணைய நூலகம் 2012 முதல் தனது நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் டொரண்டாகவும் தருகிறது. மத்ரஸா மாணவர்கள் தேடும் பழைய அரபுக் கிதாபுகள் பல அங்கே உள்ளன.

எனக்கு மிகவும் பிடித்தது கிவிக்ஸ். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையமே இல்லாத கணினியிலோ போனிலோ படிக்கலாம். நான் ஒரு இரவில் இறக்கி, பென்டிரைவில் எடுத்துச் சென்று, பாடசாலைக் கணினிகள் எல்லாவற்றிலும் ஏற்றினேன். அந்த அறைக்கு இணைய இணைப்பு இல்லை. பிள்ளைகள் முதலில் தேடியது தங்கள் ஊரின் பெயரை, இரண்டாவது கிரிக்கெட்.

படங்கள், நாடகங்கள், விலைக்கு விற்கும் மென்பொருட்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் இலங்கையில் இவற்றைப் பாதுகாக்கிறது. ஒருவரின் ஆக்கத்துக்கு அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. டொரண்டில் ஒரு படத்தை இறக்கினால் நீங்கள் பார்ப்பவர் மட்டுமல்ல, விநியோகிப்பவரும்கூட, ஏனென்றால் உங்களிடமிருந்து இன்னொருவர் வாங்குகிறார். உங்கள் இணைய முகவரி அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லோருக்கும் தெரியும். சட்டத்துக்குப் பயப்படாதவர்கள் மார்க்கத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம். பணிஸில் பன்றிக் கொழுப்பு இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படிக்கும் நாம், உடைத்துத் திறந்த விண்டோஸில் குர்ஆன் மென்பொருளை நிறுவி வைத்திருக்கிறோம்.

உடைத்த மென்பொருளில் பாவம் மட்டும் வருவதில்லை. நான் முன்பு கற்பித்த ஒரு பாடசாலையில், யாரோ ஒரு 'கிராக்' செய்த வடிவமைப்பு மென்பொருளை அலுவலகக் கணினியில் நிறுவினார்கள். அடுத்த நாள் காலை தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியல்கள், மாணவர் விபரங்கள், பரிசளிப்பு விழாப் படங்கள் எதுவும் திறக்கவில்லை. எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் விசித்திரமான எழுத்துகள். திறக்க வேண்டுமானால் 980 டொலர், மூன்று நாளைக்குள் என்றால் 490 டொலர் என்று ஒரு கடிதம். கிராக் கோப்புகளுக்குள் ஒளிந்து உலகெங்கும் பரவிய ஒரு கப்பம் கேட்கும் வைரஸ் அது. காசு கொடுக்கவில்லை. புள்ளிகளை ஆசிரியர்களின் கைப்பதிவேடுகளிலிருந்து திரும்ப எழுதினோம். படங்கள் போனது போனதுதான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஹாஷ் எண் சரியாகத்தான் இருந்திருக்கும். கோப்பு வழியில் மாறவில்லை என்பதைத்தான் ஹாஷ் சொல்லும். முதலில் விதைத்தவன் யார் என்பதைச் சொல்லாது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் படங்களுக்கு வேறு பிரதி இருந்திருந்தால் இவ்வளவு கவலை இல்லை. எல்லாமே ஒரே கணினியில் இருந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோதும் இதுதான் நடந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த இழப்புக்கு முன்னால் கடதாசியைப் பற்றிப் பேசுவது கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் வீடுகளிலும் பாடசாலைகளிலும் இருந்த பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கையெழுத்துப் பிரதிகள் போனது போனதுதான், ஏனென்றால் அநேகமானவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் ஆயிரக்கணக்கில் மின்னூலாக்கி வைத்திருக்கிறது. நமது எழுத்தாளர்களின் நூல்கள் பல அங்கே இருப்பதால்தான் நான் இன்று அவற்றைப் படிக்க முடிகிறது. டொரண்டின் அடிப்படையும் இதேதான். ஒரு பொருள் நூறு வீட்டில் இருந்தால் ஒரு கடல் அதை எடுத்துப்போக முடியாது.

அந்த வாப்பாவுக்கு நான் கடைசியாகச் சொன்னது, மகனிடம் போனைப் பறிக்க வேண்டாம், அவன் எடுக்கும் நோட்ஸில் ஒன்றை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள் என்று. அனுப்பினான். நல்ல குறிப்புதான், ஆனால் பழைய பாடத்திட்டத்துக்குரியது. இரண்டு அத்தியாயங்கள் இப்போது பரீட்சைக்கே இல்லை. ஆயிரக்கணக்கானோர் உள்ள அந்தச் செனலில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. ஆசிரியர்கள் யாரும் அங்கே இல்லை போலும்.

நோன்பு விடுமுறைக்குள் எங்கள் பாடசாலைக்கென்று பாடத்துக்கு ஒரு செனல் தொடங்க நாங்கள் நான்கு ஆசிரியர்கள் முடிவு செய்திருக்கிறோம். கணிதமும் விஞ்ஞானமும் முதலில். போடும் ஒவ்வொரு கோப்பிலும் எந்த ஆண்டுப் பாடத்திட்டம், யார் தயாரித்தது, யார் சரிபார்த்தது என்று முதல் பக்கத்தில் எழுதுவது என்றும், ஆசிரியர் இருவர் பார்க்காத எதையும் போடுவதில்லை என்றும் பேசியிருக்கிறோம். மற்றப் பாடசாலை ஆசிரியர்களும் இப்படிச் செய்தால் குறிப்புகளை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளலாம். அந்த மகன்தான் எங்களுக்குச் செனலை அமைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான்.